ஏழு நாள் வழியனுப்பு

11

கூடத்தின் நடுவில் கூடாரம் நின்றது.

சோபாவைச் சுவரோரம் ஒதுக்கி, டீப்பாயைப் படுக்கையறைக்கு நாடு கடத்திவிட்டு, மருமகள் காலையிலேயே அதை நிறுத்தியிருந்தாள். கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா, துணி எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். காட்டுக்குள் போய்ப் பிரித்த பிறகு ஒரு கம்பி குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

வேன் அம்மா குனிந்து, மண்டியிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தாள். தலை துணியில் இடித்தது.

"என்னம்மா இது, தலகாணி உறைக்குள்ள பூந்த மாதிரி இருக்கு."

"படுத்துப் பாருங்க அத்தை. படுக்கத்தான் அது."

"படுத்துடுவேன். அப்புறம் என்னைத் தூக்க கிரேன் வரணும்."

மருமகள் சிரித்தாள். கடந்த பதினோரு மாதத்தில் அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு எத்தனை தடவை கேட்டது என்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதற்காகவே வேன் அம்மா இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

'வேன் அம்மா' என்பது பிள்ளைகள் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வேன் மட்டும் ஓய்வு பெறாமல் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

மகன் நில அளவையாளனாக இருந்தான். வாரமெல்லாம் அடுத்தவர் நிலத்தை அளந்துவிட்டு, லீவு நாளில் மலைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு காட்டுப்பாதைக்கு ஓடிவிடுவான். சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் அவன் ஒட்டிய வரைபடம் இன்னும் இருக்கிறது. அவனும் பார்த்திராத, வீட்டில் யாருமே பார்த்திராத ஒரு மலைப் பகுதி. அதில் நீலப் பென்சிலால் ஏழு நாள் சைக்கிள் பாதை. "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் போறோம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அடுத்த வருஷம் வந்தது. அவன் இல்லை. ஒரு திங்கட்கிழமை, அலுவலக மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவேயில்லை. முப்பத்தாறு வயது.

"நான் மட்டும் போய் அந்தப் பாதையை ஓட்டி முடிக்கிறேன்" என்று மருமகள் சொன்னபோது வீடு அதிர்ந்தது. "தனியாவா? நான் வேனை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று மாமியார் சொன்னபோது இன்னும் அதிர்ந்தது. மருந்தகத்தில் வேலை பார்க்கும் மகள் போன் செய்து, "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்திவிட்டுப் பட்டென்று வைத்தாள். அது போன வாரம்.

இன்று ஞாயிறு. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"உக்காருங்க அத்தை. ஒவ்வொரு நாளா சொல்றேன், எழுதிக்கோங்க."

மருமகள் வழக்கம்போல் வலப்பக்கம் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருட இன்ஜின் சத்தத்தில் வேன் அம்மாவின் இடது காது பாதி போயிருந்தது. காது கேட்கும் கருவி பொருத்துவதுதான் மருமகளுடைய தொழில். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியாரின் காதைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட இடப்பக்கம் உட்கார்ந்ததில்லை.

"ஏரிக்கரையில ஆரம்பம். அங்க சைக்கிளை இறக்குறோம். நான் காட்டுப்பாதையில முப்பத்தெட்டு கிலோமீட்டர். நீங்க ரோட்டைச் சுத்திக்கிட்டு அறுபது. முகாம்ல சந்திக்கிறோம். எல்லா நாளும் இதே மாதிரிதான்."

"தண்ணி?"

"ரெண்டு லிட்டர் என் முதுகுல. மிச்சம் உங்க வண்டியில."

"போன் எடுக்குமா?"

"முதல் நாளும் நாலாம் நாளும் எடுக்கும். மத்த நாள் சந்தேகம்தான்."

"அப்ப நல்லாக் கேட்டுக்கோ. நாலு மணி வரைக்கும் முகாம்ல உக்காந்திருப்பேன். நாலு அடிச்சு ஒரு நிமிஷம் ஆச்சுன்னா, வனக்காவல் சாவடிக்கு வண்டியை விட்டுடுவேன். அப்புறம் வந்து, பஞ்சர் ஆச்சு அத்தை, பட்டாம்பூச்சி பார்த்தேன் அத்தைன்னு கதை சொல்லக் கூடாது."

"சரிங்க டிரைவர் மேடம்."

வேன் அம்மா தன் பழைய நோட்டில் எழுதினாள். பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடது பக்கம் 'ஏற்றியது', வலது பக்கம் 'இறக்கியது'. காலையில் எத்தனை பிள்ளை ஏறியது, சாயங்காலம் எத்தனை பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியது என்று எழுதி எழுதிப் பழகிய கை. வேறு மாதிரி எழுத அதற்கு வராது.

டயரில் காற்றுப் பார்க்க மருமகள் வெளியே போனதும், வேன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். தெரியாத பகுதி. ஒரு திருப்பம் தப்பினால் நாற்பது கிலோமீட்டர் வீண். மருமகள் நாளுக்கொன்றாக அச்சடித்திருந்த ஏழு பாதைத் தாள்களையும் சுவரில் இருந்த வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆறாம் நாள் முகாம் வரை தாளும் நீலக்கோடும் கைகோத்துக்கொண்டு போயின.

அங்கே நீலக்கோடு மேற்கே திரும்பியது. மலையைச் சுற்றிக்கொண்டு, ஏழாம் நாள், கிளம்பிய ஏரிக்கரைக்கே வந்து சேர்ந்தது. தாளில் அந்தத் திருப்பம் இல்லை. கிழக்கே இறங்கி, சமவெளியில் ஒரு பெரிய ஊரில் போய் முடிந்தது. அங்கே முகாம் எதுவும் குறிக்கப்படவில்லை. ஒரு தெருப் பெயரும் வீட்டு எண்ணும் மட்டும் இருந்தன.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, ஏழாம் நாள் அந்த ஊர்ல போய் எதுக்கு முடியுது? அவன் போட்டது வட்டமால்ல இருக்கு?"

வெளியே பம்ப் சத்தம் நின்றது.

"அது... அந்தப் பக்கம் இறக்கம் அத்தை. சுலபமா இருக்கும்."

"சரி. அங்கேருந்து எப்பக் கிளம்புறோம்?"

"நீங்க அன்னைக்கே கிளம்பிடலாம் அத்தை."

பம்ப் சத்தம் மறுபடி கேட்டது. கொஞ்சம் வேகமாகவே கேட்டது.

'நீங்க' என்றாள். 'நாம' என்று சொல்லவில்லை. பாதிக் காதுதான் என்றாலும் இது வேன் அம்மாவுக்கு முழுதாகக் கேட்டுவிட்டது.

*

பதினோரு மணிக்கு மகள் வந்தாள். கோபம் ஆறிவிட்டதற்கு அடையாளமாகக் கையில் ஒரு மருந்துப் பெட்டி. காயத்துக்கு, காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, பூச்சிக்கடிக்கு என்று தனித்தனியாக உறை போட்டு, மேலே எழுதி ஒட்டியிருந்தாள்.

"எங்கம்மா அண்ணி?"

"செயின் வாங்கக் கடைக்குப் போயிருக்கா. வா, வண்டியில வச்சிடலாம்."

வேனின் பின்பக்கம் இப்போது காலியாக இருந்தது. கடைசி இரண்டு வரிசை இருக்கைகளை மாமியாரும் மருமகளும் ஸ்பானர் பிடித்துக் கழற்றி, சைக்கிளுக்கு இடம் பண்ணியிருந்தார்கள். மகள் ஏறிப் பெட்டியை வைத்துக்கொண்டிருக்கும்போது, வேன் அம்மா கதவருகே நின்று அந்தத் தெருப் பெயரையும் எண்ணையும் சொல்லி, "அது யாரு வீடு?" என்று கேட்டாள்.

மகளின் கை அப்படியே நின்றது.

"அண்ணி சொல்லிட்டாங்களா?"

"இல்ல. இப்ப நீ சொல்லிட்ட."

மகள் மெதுவாக இருக்கையில் உட்கார்ந்தாள். "எனக்கு வாய் நீளம்னு தெரிஞ்சும் எங்கிட்ட வந்து கேக்குற பாரு..."

"சொல்லு."

"பொறக்கும்போதே காது கேக்காத குழந்தைங்களுக்குன்னு அந்த ஊர் ஆஸ்பத்திரியில புதுசா ஒரு பிரிவு ஆரம்பிக்கிறாங்கம்மா. அண்ணிக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு. ஏழாம் நாள் போய்ச் சேர்ந்தா, மறுநாள் வேலையில சேரணும். வீடு நான்தான் பார்த்துக் குடுத்தேன். என்கூடப் படிச்சவளோட மாடி."

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு மாசமா."

ரெண்டு மாசம். அறுபது நாள் காலையில் ஒரே மேசையில் டீ குடித்திருக்கிறார்கள்.

"அப்ப போன வாரம் போன்ல கத்தினது என்ன நாடகம்?"

"நாடகம் இல்லம்மா." மகளுக்குக் குரல் உடைந்தது. "போகும்போது ரெண்டு பேரு. திரும்பும்போது நீ ஒருத்தி. அந்த மலை ரோட்டுல அழுதுக்கிட்டே நீ வண்டி ஓட்டணுமா? அதை உங்கிட்ட சொல்லவும் முடியல, சும்மா இருக்கவும் முடியல. அதான் கத்திட்டேன்."

வேன் அம்மா மருந்துப் பெட்டி ஆடாமல் இருக்க அதற்கு அண்டைகொடுத்து ஒரு போர்வையைச் சொருகினாள். பிறகு கதவைச் சாத்தினாள். வழக்கத்தைவிட மெல்லச் சாத்தினாள்.

*

மாலை ஐந்து மணிக்கு, ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த கல்குவாரிச் சரிவில் கடைசி ஒத்திகை. முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மருமகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கைப்பிடியில் ஒரு பை, இருக்கைக்குப் பின்னால் ஒரு பை, சட்டத்தின் நடுவில் ஒரு பை, முதுகில் தண்ணீர்.

சரிவின் கீழே வேனை நிறுத்திவிட்டு வேன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு சின்ன உருவம் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டது. பெடலில் எழுந்து நின்றபடி, முழங்கால் மடக்கி, சரளைக்கல்லில் இறங்க ஆரம்பித்தது. அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்தது மகன்தான். அந்த நிலையைப் பார்த்தால் அவனையே பார்ப்பது போலிருந்தது.

இரண்டாவது வளைவில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டாள். சுமையோடு சேர்ந்து சைக்கிள் சறுக்கியது. தூசி எழுந்தது.

அறுபது வயதுக்காரி அந்தச் சரிவில் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

"எலும்புக்கு ஒண்ணும் இல்லல்ல? விரலை மடக்கு. மடக்கு பாக்கலாம்."

"ஒண்ணும் இல்ல அத்தை. தோல்தான்."

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உரிந்திருந்தது. வேன் அம்மா அவளை வேன் படியில் உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றி, கல்துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மகள் எழுதி ஒட்டிய உறையில் 'காயம்' முதலாவதாக இருந்தது.

"எரியுதா?"

"ம்."

"எரியட்டும்." பஞ்சை அழுத்தினாள். "எதுக்கும்மா எங்கிட்ட மறைச்ச?"

மருமகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். எதை என்று கேட்கவும் இல்லை.

"சொன்னா, போகாதன்னு சொல்வீங்க அத்தை."

"சொல்லியிருப்பேன்."

"நீங்க போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போக மாட்டேன். அதான் சொல்லல."

குவாரியில் எங்கோ ஒரு கல் உருண்டு விழும் சத்தம் கேட்டது. வேன் அம்மா பஞ்சை மாற்றினாள்.

"அந்த வீட்டுல என்ன குறை வச்சேன் உனக்கு?"

"குறையே இல்ல அத்தை. அதுதான் கஷ்டமே." கண்ணீர் ஹெல்மெட் வார் வழியாக இறங்கியது. "காலையில எந்திரிச்சா அவர் கப்பு. அவர் செருப்பு. அவர் ஒட்டின மேப்பு. நான் சாப்பிட்டேனான்னு நீங்க பார்க்கிறீங்க, நீங்க தூங்கினீங்களான்னு நான் பார்க்கிறேன். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்துல இன்னொருத்தர் அவரைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். எனக்கு முப்பத்தி நாலு வயசு அத்தை. மூச்சு முட்டுது."

வேன் அம்மா கட்டுத் துணியைப் பிரித்தாள். மருமகள் சொன்னது உண்மைதான். காலையில் மருமகள் சிரித்தபோதுகூட, இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் மனசு ஓடியது.

"வேலைக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு பஸ் ஏறியிருக்கலாமே. இந்தக் காடு, கூடாரம், வேன், எல்லாம் எதுக்கு?"

"பஸ் ஏற முடியல. ரெண்டு தடவை டிக்கெட் போட்டு ரத்து பண்ணினேன். நீங்க வாசல்ல நின்னு கையாட்ட, நான் பெட்டியோட தெருமுனை திரும்புறது... அதை நினைச்சாலே கால் வரல. அவர் போனது ஒரு நிமிஷத்துல போயிட்டாரு. நான் அப்படிப் போகக் கூடாதுன்னு தோணிச்சு. ஏழு நாள்ல, கொஞ்சம் கொஞ்சமா, உங்க கூடவே இருந்துக்கிட்டுப் போயிடலாம்னு..."

"ஏழு நாள் வழியனுப்பச் சொல்றியா என்னை?"

அவள் அதைக் கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து வரும்போது வேறு மாதிரி வந்தது. மருமகள் விம்மி அழுதாள். காயம் படாத கையால் மாமியாரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வேன் அம்மா அழவில்லை. கட்டுப் போட்டு முடிச்சுப் போடுகிற வரை அழக்கூடாது என்று வைத்திருந்தாள். முடிச்சுப் போட்டதும் அழுதாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் வேன் படியிலேயே அருகருகே உட்கார்ந்திருந்தார்கள்.

வேன் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வர்றேன். ஆனா ஏழாம் நாள் வரமாட்டேன்."

"அத்தை?"

"ஆறாம் நாள் முகாம் வரைக்கும் வர்றேன். மறுநாள் காலையில நீ கிழக்கே இறங்கு. நான் மேற்கே திரும்பி, அவன் போட்ட கோட்டுக்குப் பக்கத்து ரோட்டுலயே ஏரிக்கரைக்கு வந்து வீட்டுக்கு வந்துடுறேன். இருபத்திரண்டு வருஷத்துல யாரையும் கொண்டு போய் விட்டுட்டு வெறும் வண்டியோட திரும்பினதா நான் நினைச்சதே இல்ல. சாயங்காலம் மறுபடி கூட்டிக்கிட்டு வரப்போறோம்ங்கிற நினைப்பிலதான் ஓட்டுவேன். அந்த ஊர் வாசல்ல உன்னை இறக்கி விட்டுட்டு வர்ற தெம்பு எனக்கு இல்லம்மா. நீயா ஓட்டிக்கிட்டுப் போ. நீ போறதை நான் பாக்குறேன்."

மருமகள் தலையாட்டினாள்.

"உன் பெட்டியை எல்லாம் உன் நாத்தனார் பின்னாடி கொண்டு வந்து தருவா. பொய் சொல்றதுக்குக் கூட நின்னால்ல, சுமக்கவும் செய்யட்டும்."

அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து மருமகளுக்கு விக்கலே எடுத்துவிட்டது.

*

திட்டம் மாறினால் மூட்டையும் மாறும். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். கடைசி நாள் மருமகள் தனியாக ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் இறங்க வேண்டும். அன்றைக்கு வேன் கிடையாது. மாற்று ட்யூப் இரண்டு, பம்ப், செயின் இணைப்பு, மழைச்சட்டை, ரொட்டி, கை விளக்கு. அதற்கு மேல் மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போக ஒரு நல்ல உடை.

"எதைப் போட்டுக்கப் போற?"

"ஏதோ ஒண்ணு அத்தை. அந்தச் சாம்பல் நிறச் சட்டை."

"முதல் நாள் சாம்பலா? குழந்தைங்க பயந்துக்கும். அந்தப் பச்சையை எடு."

மருமகள் பச்சைச் சட்டையைக் கொண்டுவந்து தந்தாள். வேன் அம்மா அதைக் கசங்காமல் சுருட்டினாள். முதலில் கை இரண்டையும் உள்ளே மடக்கினாள், பிறகு கழுத்துப் பக்கத்திலிருந்து மெதுவாக உருட்டினாள். தண்ணீர் புகாத பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைக் கட்டினாள். உள்ளங்கை அளவுதான் வந்தது. எட்டு வருடம் தன் வீட்டில் வாழ்ந்த பெண் இவ்வளவுதான் எடுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் காயத்தின் கட்டை மாற்றக் குளியலறைக்குப் போனாள்.

அப்போது மணி ஏழு. மருமகளின் போன் மேசையில் அதிர்ந்தது. தெரியாத எண்.

"எடுங்க அத்தை, கை ஈரம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேன் அம்மா எடுத்து வலது காதில் வைத்தாள்.

"நீங்க நாலாம் நாள் தங்கப்போற முகாமைப் பார்த்துக்கிறவன் பேசுறேங்க. அடுத்த வாரம் ஒரு சைக்கிள், ஒரு வேன்னு இடம் கேட்டிருந்தீங்கல்ல? போன வாரம் பெஞ்ச மழையில எங்க முகாமைத் தாண்டி இருக்கிற பாலத்துல ஒரு தூண் இறங்கிடுச்சு. வண்டி எதையும் விடுறதில்ல. அந்தப் பக்கம் போற மத்த ரோடும் அதே மழையில மண் சரிஞ்சு மூடிக் கிடக்கு. சைக்கிளை மட்டும் தள்ளிக்கிட்டுப் போகலாம். மிச்ச நாள் வேன் கூட வராது, சைக்கிள்ல வர்றவங்க தனியாத்தான் போகணும். இல்லன்னா மூணு வாரம் தள்ளி வாங்க, சரி பண்ணிடுவாங்க. எதுன்னாலும் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க."

"சொல்றேங்க" என்றாள் வேன் அம்மா. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது போல் கேட்டது.

போனை வைத்தாள். சுவரில் வரைபடம். நாலாம் நாள் முகாமுக்கு அப்பால் ஆற்றைக் கடக்கிற சின்னக் கோடு. ஆறு நாள் என்று ஒப்புக்கொண்டது நான்காகிவிட்டது. இல்லாவிட்டால் மூன்று வாரம் அதிகமாகக் கிடைக்கும். பாலம் உடைந்தது என்று சொன்னால், ஆஸ்பத்திரியில் தவணை கேட்கலாம். "நான் போகல அத்தை" என்றுகூட இந்தப் பெண் சொல்லிவிடலாம். ஏற்கெனவே இரண்டு தடவை டிக்கெட்டை ரத்து செய்தவள்தானே?

போகாதே என்று தன் வாயால் சொல்லவே வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

மருமகள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாரு அத்தை போன்ல?"

வேன் அம்மா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியலம்மா. யாரோ தப்பாப் போட்டுட்டாங்க."

மருமகள் "சரி" என்று சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து பையின் வாரை இறுக்கத் தொடங்கினாள்.

இந்த எட்டு வருடத்தில் மருமகளிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. போக வைப்பதற்காகச் சொன்னாளா, நாலாம் நாள் அந்தப் பாலத்தருகே நிறுத்தி வைப்பதற்காகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நாளை மத்தியானத்துக்கு இன்னும் பதினேழு மணி நேரம் இருந்தது.